கேட்டதனால் இறக்கினார்கள்

1

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஒருவன் சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். பையன் என்றாலும் முப்பது வயதுக்கு மேல் இருக்கும், பெயர் லூர்து. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் இந்தத் துறைமுகத்தில் அவன் கப்பல் வந்து நின்றால் எங்கள் வீட்டில் ஒரு வேளை சோறு தின்னாமல் போகமாட்டான். இந்த முறை ஒரு டப்பா மக்ரூனும் ஒரு பொட்டலம் கருவாடும் கொண்டுவந்திருந்தான். மக்ரூன் பாதி தூளாகிவிட்டது. கருவாட்டு வாசனைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"எக்கா, ராயப்பண்ணாச்சிய ஆம்புலன்சுலேருந்து எறக்கிட்டாவளாமே?"

"யாருல சொன்னது?"

"ஊர்ல பேசிக்கிடுதாவ. இங்கிலீஷு பத்தலன்னு எறக்கிட்டாவன்னு ஒருத்தன் சொல்லுதான். மூள பெசகி கோட்டி புடிச்சிருச்சுன்னு இன்னொருத்தன் சொல்லுதான். எனக்கு என்ன தெரியும்? கேட்டதைச் சொல்லுதேன்."

இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். கடல் கடந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு விஷயம், நாங்கள் யாரிடமும் சொல்லாமலே தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த வழியாகப் போனது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஊர்வாயை அடைக்க முடியாது. ஆனால் பேசுகிறவர்களுக்குச் சரியான சொற்களையாவது கொடுத்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் இங்குள்ள மருத்துவமனையில், விபத்தில் அடிபட்டவர்களைக் கொண்டுவரும் பிரிவில் நர்ஸ். என் வீட்டுக்காரர் ராயப்பன் அதே ஊரில் ஆம்புலன்ஸ் வண்டியில் உதவியாளர். வண்டியின் பின்பக்கத்தில் நோயாளியோடு உட்கார்ந்து வருகிற வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா, வயது பதின்மூன்று. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்த ஆங்கிலமும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அல்ல. இந்தத் துறைமுகத்தில் மீன் விற்கிறவர்கள் பேசுகிற ஆங்கிலம். அதைக் கேட்டு நான் பலநாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

2

போன இலையுதிர் காலத்தில் தொடங்கியது. முதலில் எனக்குக் காது கோளாறு என்றுதான் தோன்றியது.

ஸ்டெல்லா எதையாவது சொன்னால் அவர், "என்ன சொன்ன?" என்பார். அவள் திரும்பச் சொல்வாள். "இன்னொரு தடவ சொல்லு." அவள் மறுபடியும் சொல்வாள். உப்பு எடு என்றால்கூட மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னதை மட்டும் அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

வேலை முடிந்து வந்தால் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி அவரே கழுவிக் குழம்பு வைப்பது வழக்கம். அதை விட்டுவிட்டார். கேட்டால், "நல்ல மீனு எங்க கெடைக்கி?" என்பார். கடலை வாசலில் வைத்துக்கொண்டு சொல்கிற பதிலா இது?

அவருடைய ஆம்புலன்ஸ் நிலையத்திலும் யாரோ கவனித்திருக்கிறார்கள். காதைப் பரிசோதித்துக்கொள்ளும்படி அனுப்பினார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. ஓர் ஆளை வேலையிலிருந்து எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் காதைப் பார், கண்ணைப் பார் என்றுதான் தொடங்குவார்கள். பரிசோதனையில் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் கவலையைத்தான் கொடுத்தது. காதில் கோளாறு என்றால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. விபத்துப் பிரிவு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆட்கள் எல்லாருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு. பெரிய அதிர்ச்சியில் இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது, அதைத் தினமும் பார்க்கிற நம் மனதை எப்படிக் கவனித்துக்கொள்வது என்று ஒரு டாக்டர் அம்மாள் சொல்லித் தருவார். எல்லாரும் வரவேண்டும்.

"நம்ம மனச இவனுவ எதுக்குக் கவனிக்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கும் அதான் தோணுது" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் உடனே ஒத்துப்போன விஷயங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

3

எங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதன் பெயர் சவரிமுத்து. என் தம்பி.

பழைய துறைமுகத்தில் கப்பல்கள் கரைக்கு வராது என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பையும் மற்ற சரக்கையும் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் ஏற்றி, லாஞ்சி என்கிற மோட்டார் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். சவரிமுத்து அந்த லாஞ்சி ஒன்றில் வேலை பார்த்தான். அதற்கு முன்னால் சங்கு குளித்தவன். மூச்சடக்கிக் கடலுக்கடியில் போய் வந்தவனுக்கு லாஞ்சி வேலை ஒரு வேலையா என்று அவனே சிரிப்பான்.

புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு வாடைக்காற்று நாளில் உப்பு ஏற்றிய பார்ஜ் ஒன்று கவிழ்ந்தது. அதில் ஆட்களும் இருந்தார்கள். சவரிமுத்து குதித்துச் சிலரைத் தூக்கிக்கொண்டுவந்தான். சிலரைக் கொண்டுவர முடியவில்லை.

சில நாள் கழித்துத் துறைமுக ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். சத்தம் போட்டுப் பேசவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். "தம்பி, மனசுல கெடக்கதச் சொல்லிருங்க. சொன்னா பாரம் கொறையும்" என்றார். இருவரும் உள்ளே வெகுநேரம் பேசினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் தம்பி லாஞ்சியில் இல்லை. துறைமுக வாசலில் லாரிகளை மறித்து அனுமதிச்சீட்டுப் பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டாள். "ஏலே, கடல்ல பொறந்த பிள்ளய எதுக்குல வாசல் கேட்டுல கொண்டு நிறுத்துனாவ?"

சவரிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "கேட்டதுனாலதான எறக்குனாவ."

அவ்வளவுதான். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். "நயமாப் பேசிக் கேட்டு, எம்பிள்ளய எறக்கிட்டாவ." நான் இங்கிலாந்துக்கு வரும்போது அந்த வாக்கியத்தையும் கொண்டுவந்தேன். அன்பாகக் கேட்கிறவனிடம் வாயைத் திறக்காதே என்பது எங்கள் குடும்பத்தின் பதினோராம் கட்டளை.

4

வகுப்பு நடந்த அறையில் மேஜை இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. யாரும் அழுவதற்கு முன்னாலேயே துடைப்பதற்குத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்றால், அழவைப்பதாக முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை.

டாக்டர் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். பேனா இருந்தது, நோட்டு இல்லை. எதையும் எழுதிக்கொள்ள மாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். எழுதுகிறவர்களையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். எழுதாதவர் எதை நினைவில் வைத்துக்கொள்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

ஆனாலும் அவர் சொன்னவற்றில் தவறு காண முடியவில்லை. அடிபட்டுக் கிடப்பவனிடம் நின்றுகொண்டு பேசாதீர்கள், அவன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள். ஆகியிருக்கிறது, அவனுக்கே தெரியும். எங்கே இருக்கிறான், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். ஏன் அங்கே போனாய் என்று கேட்காதீர்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள். அப்புறம், உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால், அதை யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். அதை விழுங்கிவிட்டு அடுத்த வண்டியில் ஏறாதீர்கள்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் தன் பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, உங்கள் வீடுகளில் சாவு நடந்தால் அக்கம்பக்கத்தார் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். என் முறை வந்தபோது, எங்கள் ஊரில் துட்டி, அதாவது துக்கம், கேட்கப் போவோம் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். நாங்கள் போய்ச் சாவைக் கேட்போம் என்று சொல்லிவிட்டேன்.

தீயணைப்பில் இருக்கும் ஒரு தடித்த மனிதர், "அது என்ன பதில் சொல்லும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது.

வீட்டுக்காரர் பக்கத்தில் குனிந்து தமிழில் சொன்னார். "ஏளா, சாவுகிட்டப் போயி வெலாசம் கேக்கோம்னு நெனச்சிட்டானுவ."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்போது டாக்டர் அம்மாள் என்னை நிறுத்தினார். சாவு வீட்டில் போய் என்னதான் கேட்பீர்கள் என்றார்.

ஒன்றும் கேட்கமாட்டோம் என்றேன். அந்த வீட்டில் யாரும் நம்மை வாங்க என்று சொல்லமாட்டார்கள். நாமும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கமாட்டோம். போய்ப் பக்கத்தில் உட்காருவோம். அவர்கள் பேசினால் கேட்போம். எழுந்து வரும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

அப்படியானால் அதற்கு ஏன் கேட்பது என்று பெயர் என்றார்.

இவருக்கு எதற்கு இதெல்லாம் என்று தோன்றியது. பேருந்து வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரவில்லை, மழையில் வெகுநேரம் நின்றோம்.

அன்று மாலை நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா, அரைகுறைத் தமிழில், "துட்டு கேட்கப் போனா யாருக்குக் காசு குடுப்பாங்க?" என்றாள். துட்டு அல்ல துட்டி என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அவள், "கேட்கிறது என்றால் பேசுவதா, பேசாமல் இருப்பதா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றாள், ஆங்கிலத்தில்.

வழியும் கேட்கிறோம், பாட்டும் கேட்கிறோம். ஒரே சொல்தான். பிறந்ததிலிருந்து இரண்டுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

5

என் அப்பாவின் வருஷ நினைவுப் பூசைக்காக ஸ்டெல்லாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அவர் கேட்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

பூசை முடிந்த மறுநாள் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே துறைமுக வாசலுக்குப் போனேன். வெயிலில் உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் சவரிமுத்துவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, தெனமும் பாக்குற மூஞ்சிதான, சீட்டு எதுக்கு?"

"மூஞ்சியப் பாத்து விடணும்னா ஒன்னய விடவே மாட்டேம்ல. எடு சீட்ட."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மனதில் வைத்திருந்த சவரிமுத்து, கடலை இழந்து வாசலில் குறுகி நிற்கிறவன். இவன் அப்படி இல்லை. வயிறு கொஞ்சம் போட்டிருந்தது.

காவல் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். வகுப்பைப் பற்றியும் சொன்னேன். "ஒனக்கு நடந்ததுதான் அவருக்கும் நடக்கப் போவுது. நயமாக் கேட்டு எறக்கிருவாவ. ஒரு வார்த்த பேசிராதியன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"எனக்கு என்ன நடந்துச்சு?"

"நீதான சொன்ன. கேட்டதுனால எறக்குனாவன்னு."

"ஆமா. கேட்டேன். எறக்குனாவ."

எனக்கு முதலில் புரியவில்லை. "நீ கேட்டியா? அந்த ஆளுல்லா கேட்டாரு?"

"அவரு பார்ஜப் பத்திக் கேட்டாரு. தெரிஞ்சதச் சொன்னேன். அப்புறம் நான் கேட்டேன், என்னய லாஞ்சிலேருந்து எறக்கி விட்டுருங்கன்னு. தண்ணிய எட்டிப் பாத்தாலே கையி தெரியுதுக்கா. ஒரு ஆளோட கையி. புடிச்சேன், எண்ணெயும் உப்புத் தண்ணியுமா வழுக்கிட்டு. எப்பிடி அதுல போயி நிக்க?"

"இத்தன வருசமா அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாளே. ஒரு தடவயாவது இல்லன்னு சொன்னியால?"

"எப்பிடிச் சொல்ல? சங்கு குளிச்சவன் தண்ணிக்குப் பயந்து எறங்குனான்னு சொல்லட்டுமா? எறக்குனாவன்னா எம்மேல பாவப்படுவாவ. எறங்குனான்னா சிரிப்பாவ. அம்மா தப்பா எடுத்துக்கிட்டா. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

நான் அப்போதும் விடவில்லை. "அந்த ஆளு நல்லவன்னு சொல்லுதியா?"

"அது எனக்கு இன்னைக்கும் தெரியாது. பார்ஜ் கவுந்ததுல ஆபீசுல யாரு வேலைக்கும் ஒண்ணும் ஆவல. நான் கேட்டது அவுகளுக்கு வசதியாக்கூட இருந்திருக்கும். பாத்தவன் ஒருத்தன் தள்ளிப் போறாம்லா. ஆனா நான் கேட்டது எனக்காவ." தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னான். "இன்னொண்ணு சொல்லுதேன். செத்தவங்க வீட்டுக்கெல்லாம் ஊரே துட்டி கேக்கப் போச்சு. நானும் போனேன். எங்கிட்ட யாரு வந்தா? நான் உசுரோடல்லா இருந்தேன். உசுரோட இருக்கவன் வீட்டுக்கு யாரு துட்டி கேக்க வருவா?"

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கை கழுவிவிட்டு எழுந்து போனான். புதுத் துறைமுகத்தின் கற்சுவர் தூரத்தில் கடலுக்குள் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் லாரியை மறித்தான் என்பதை அப்போது கவனித்தேன்.

6

ஊரிலிருந்து திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து மதியச் சாப்பாடும் முடிந்தது. மழை. அவர் சமையலறையில் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அடுத்த அறையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள்; நடுவில் கதவு திறந்தே இருந்தது.

நான் உள்ளே போனேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. காப்பி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னளா, துட்டி வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்க?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறிவிட்டது. பிறகு பேசினார். அந்த இலையுதிர் காலத்தில், துறைமுகச் சாலையில் ஒரு சிறுமி லாரியில் அடிபட்டாள். ஸ்டெல்லா வயதுதான். இவர் அவளோடு வண்டியின் பின்னால் வந்தார். வழி முழுக்க அவள் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னமோ கேட்டா. அவ பேச்சு எனக்கு வெளங்கல. ஸ்டாப்பிங், ஸ்டாப்பிங்குன்னு மட்டும் கேட்டுச்சு. வண்டிய நிறுத்தச் சொல்லுதான்னு நெனச்சேன். வலிச்சிருக்கும், ஆட்டம் தாங்கல. நான் யெஸ், யெஸ்ஸுன்னேன். ஆனா நிறுத்தல. எப்பிடி நிறுத்த? ஆஸ்பத்திரி வருமுன்ன போயிட்டா. நான் நிறுத்துதேன்னு சொல்லி ஏமாத்துனதுதான் அவ கடைசியாக் கேட்டது. இத அங்கன சொன்னா என்ன சொல்லுவானுவ? பிள்ள பேசுனது வெளங்காத ஆளு வண்டில எதுக்குன்னுதான் கேப்பானுவ."

நான் பயந்தது எல்லாம் அந்த வாக்கியத்தில் இருந்தது. அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

கதவருகில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"அப்பா, அவ எப்பிடிச் சொன்னா? அப்பிடியே சொல்லுங்க" என்றாள், தமிழில்.

"நீ போம்மா."

"சொல்லுங்கப்பா."

அவர் காதில் கிடந்ததை அப்படியே சொன்னார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. இந்தத் தடவை திரும்பத் திரும்பக் கேட்டது அவள்.

"அது வண்டி இல்லப்பா" என்றாள். "இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. ஸ்டாப்பிங்னா இருக்கிறது. நீங்க கூட இருக்கீங்களான்னு கேட்டிருக்கா. என்கூட இருக்கீங்களா, போயிருவீங்களான்னு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யெஸ்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"இருந்தீங்கதான?"

"ஆமா. கடைசி வரைக்கும்."

நான் எதையும் உடனே நம்புகிறவள் அல்ல. அப்பாவைத் தேற்றுவதற்காக மகள் இட்டுக்கட்டியிருக்கலாம். மறுநாள் வார்டைத் துடைக்க வரும் இரண்டு அம்மாள்களிடம் தனித்தனியாக விசாரித்தேன். ஒருத்தி, நேற்று மழையில் தங்கையைத் தேநீருக்கு ஸ்டாப் பண்ணச் சொன்னேன் என்று அவளாகவே ஓர் உதாரணமும் கொடுத்தாள். இங்கே பிறந்தவர்களுக்கு அதற்குத் தங்கி இருப்பது என்றும் பொருள். பள்ளிக்கூடத்தில் அதை நமக்குச் சொல்லித்தரவில்லை. ஸ்டெல்லா பேசுகிற ஆங்கிலத்தைப் பற்றி இப்போது நான் வாய் திறப்பதில்லை.

7

அந்த வாரமே அவர் டாக்டர் அம்மாளைப் பார்க்கப் போனார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவில் காது வைத்துக் கேட்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. அங்கிருந்து நேராக நிலைய அதிகாரியிடம் போய், கொஞ்ச காலத்துக்கு வண்டி வேண்டாம் என்று கேட்டார். அதிகாரி, வேண்டும் என்கிறவரை எடுத்துக்கொள் என்றாராம். இப்போது நிலையத்திலேயே வண்டிகளுக்குப் போர்வையும் ஆக்சிஜன் உருளையும் சரிபார்த்து ஏற்றி அனுப்புகிற வேலை. மறுபடியும் வண்டியில் ஏறக் கேட்பாரா என்று தெரியாது. கேட்டால் கொடுப்பார்களா என்பதும் எனக்குத் தெரியாது. வேண்டும் என்கிறவரை என்பது யாருக்கு வேண்டும் என்கிறவரை என்று அதிகாரி சொல்லவில்லை. டாக்டர் அம்மாளின் எழுதாத பேனாவையும் நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் வீட்டில் அவர், "என்ன சொன்ன?" என்று ஒரே தடவைதான் கேட்கிறார். போன ஞாயிறு மீன் வாங்கிவந்தார். செதிலைச் சமையலறை முழுக்கத் தெறிக்கவிட்டுத்தான் கழுவினார். திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

லூர்து சாப்பிட்டு முடித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். "எக்கா, ஊர்ல கேட்டா என்னன்னு சொல்லட்டும்? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியளே" என்றான்.

நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியிலிருந்து அவர் குரல் வந்தது. பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கேட்டதுனால எறக்குனாவன்னு சொல்லுல."

லூர்து நிமிர்ந்து பார்த்தான். சவரிமுத்துவிடம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாததை அவன் சாதாரணமாகக் கேட்டான்.

"யாரு கேட்டா அண்ணாச்சி?"

"நான்தாம்ல கேட்டேன்."